பிள்ளைகளுடன் பிழியும் நத்தார் பட்டர் பிஸ்கற்: முதன்முறை செய்பவர்களுக்கு

ஜேர்மனியில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரிடம் நவம்பர் மாத இறுதியில் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். கிண்டர்கார்டனிலிருந்து வீடு திரும்பும் பிள்ளை, தான் அங்கே செய்த நான்கைந்து நட்சத்திரப் பிஸ்கற்றுகளை ஒரு சிறிய பையில் ஏந்திக்கொண்டு வந்து, "நாங்கள் எப்போது சுடப்போகிறோம்?" என்று கேட்கும். நத்தாருக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய திருவருகைக் காலத்தில், இந்நாட்டு வீடுகளில் பிஸ்கற் சுடுவது தேவாலயத்துக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் ஒருபோலப் பேணும் குடும்ப வழக்கமாகும். சைவக் குடும்பங்களிலும் இப்போது அந்த வழக்கம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. ஆனால், அடுப்பில் பொரித்தும் அவித்தும் பலகாரம் செய்து பழகிய எங்களில் பலருக்கு ஓவன் இன்னமும் அந்நியமான கருவியாகவே இருக்கிறது. அத்தகையவர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

நத்தார்ப் பிஸ்கற்றுகளில் பல வகைகள் உள்ளன. வனிலாப் பிறைகள் சுட்டதும் தொட்டாலே உடையும். கறுவா நட்சத்திரங்களுக்கு அரைத்த வாதுமையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்வதால் கலவை கையிலும் அச்சிலும் ஒட்டிக்கொள்ளும். உருட்டித் தேய்த்து அச்சால் வெட்டும் வகை எளிதுதான் என்றாலும், கலவையைக் குளிரவைத்து, தேய்த்து, வெட்டி, மிச்சத்தைச் சேர்த்து மீண்டும் தேய்ப்பதற்குள் சிறிய பிள்ளைகளின் பொறுமை போய்விடும். முதன்முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஜேர்மன் மொழியில் ஷ்பிரிட்ஸ்கெபெக் என்று அழைக்கப்படும் பிழிந்த பட்டர் பிஸ்கற் ஆகும். பீச்சுதல் என்ற பொருளுடைய வினைச்சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. குழலில் கலவையை நிரப்பி, பூ வடிவத் துளை கொண்ட தட்டின் வழியாகப் பிழிந்தால், ஓர் அழுத்தத்துக்கு ஒரு பிஸ்கற் விழும். தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்த கைகளுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பிஸ்கற்றுக்கு உறவுகளும் பல உண்டு. நோர்வேயில் நத்தாருக்கு ஏழு வகைப் பிஸ்கற் செய்து வைப்பது பழைய வழக்கம், அந்த ஏழில் பிழிந்த வகையும் அடிக்கடி இடம்பெறும். எங்கள் வீடுகளில் ஊசி நூல் வைக்கும் பெட்டியாக மாறிவிடும் நீல நிறத் தகரப் பெட்டியில் வரி வரியான வளையங்களாக அடுக்கப்பட்டு வருவது இதன் டென்மார்க் உறவு. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெருநாள் காலத்தில் பிழியப்படும் செம்பிரிட் என்ற பிஸ்கற் தனது பெயரை ஒல்லாந்தரின் ஸ்பிரிட்ஸ் என்ற சொல்லிலிருந்தே பெற்றது.

எதைக் கொண்டு பிழிவது

டிசெம்பர் மாதத்தில் ஜேர்மன் கடைகளில் பிஸ்கற் பிழியும் குழல் எளிதாகக் கிடைக்கும். உலோகத்தால் அல்லது பிளாஸ்திக்கால் ஆன ஓர் உருளை, மேலே ஒரு விசைப்பிடி, அடியில் மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய பத்துப் பதினைந்து சிறிய தட்டுகள் என்பதே அதன் அமைப்பு. பிடியை ஒருமுறை அழுத்தினால் ஒரு பிஸ்கற்றுக்குரிய அளவு கலவை மட்டும் வெளிவருவதால் பிள்ளைகளுக்கு இதுவே பொருத்தமானது. பழைய தலைமுறை ஜேர்மன் பாட்டிமார் இந்தக் குழலை நாடவில்லை. இறைச்சி அரைக்கும் கைப்பொறியின் வாயில் ஒரு வடிவத் தகட்டைப் பொருத்தி, பிள்ளை கைப்பிடியைச் சுற்ற, நீளமாக வெளிவரும் பட்டையைத் தாங்கள் வெட்டி வெட்டித் தட்டில் அடுக்கினார்கள். இன்றும் பல வீடுகளில் அதுவே முறை.

அந்தக் கைப்பொறி செய்யும் வேலையை எங்கள் முறுக்கு உரல் நன்றாகவே செய்யும். ஒற்றை நட்சத்திரத் துளை உள்ள தட்டைப் போட்டு நீளமாகப் பிழிந்து, விரல் நீளத்துக்கு வெட்டினால் போதும். இதில் ஒரு விடயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஓமமும் மிளகாய்த்தூளும் கலந்த மாவை ஆண்டுக்கணக்காகப் பிழிந்த மர உரலில் அந்த வாசனை ஊறியிருக்கும், பட்டர் அதை உடனே இழுத்துக்கொள்ளும். எனவே மர உரலைத் தவிர்த்து, சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி நன்றாக உலர்த்திய உலோக உரலைப் பயன்படுத்துங்கள். முதல் ஆண்டு புதிய குழல் வாங்காமல் உரலிலேயே தொடங்குவது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு இந்த வேலை பிடித்துப்போனால் அடுத்த ஆண்டு குழலை வாங்கிக்கொள்ளலாம்.

இவற்றோடு கிராம் காட்டும் ஒரு தராசு அவசியம் வேண்டும். கோப்பை அளவில் மாவை அள்ளினால், அழுத்தி அள்ளியதற்கும் தளர்வாக அள்ளியதற்கும் இருபது முப்பது கிராம் வித்தியாசம் வந்துவிடும், பிழியும் பிஸ்கற் அந்த வித்தியாசத்தைத் தாங்காது. தவிர, தராசின் எண்கள் ஏறுவதைப் பார்த்து "நிறுத்து" என்று சொல்லும் வேலை, எண்கள் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு மிகவும் பிடித்தமானது. சுடும் தட்டுகள் இரண்டு இருக்கட்டும். அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

பொருட்களும் அவற்றின் அளவும்

உப்புச் சேர்க்காத பட்டர் 250 கிராம், அதாவது இங்கே கடையில் விற்கும் முழுக் கட்டி ஒன்று. ஐசிங் சீனி 120 கிராம். நடுத்தர அளவு முட்டை ஒன்று. 405 என்று பொறிக்கப்பட்ட கோதுமை மா 320 கிராம். வனிலாச் சீனிப் பொட்டலம் ஒன்று. ஒரு சிட்டிகை உப்பு. இந்த அளவுக்கு ஏறத்தாழ எழுபது சிறிய பிஸ்கற்றுகள் கிடைக்கும்.

மாப் பையில் உள்ள 405 என்ற எண்ணைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். நூறு கிராம் மாவை முழுவதும் எரித்தால் மிஞ்சும் தாதுச் சாம்பல் ஏறத்தாழ எத்தனை மில்லிகிராம் என்பதையே அது குறிக்கிறது. எண் சிறிதாக இருந்தால் தவிடு நீங்கிய வெள்ளை மா என்று பொருள். 550 எண்ணுள்ள மாவிலும் செய்யலாம், ஆனால் 1050 போன்ற கருமையான மா இந்தப் பிஸ்கற்றுக்கு உதவாது.

பட்டருக்குப் பதிலாக மாஜரின் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. இந்தப் பிஸ்கற்றில் பட்டரைத் தவிரச் சுவை தருவதற்கு வேறெதுவும் இல்லை. உப்புப் பட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் தனியாக உப்புச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். சீனியைப் பொறுத்தவரை, சாதாரணச் சீனியின் மணிகள் முழுவதும் கரையாமல் நின்று சூட்டில் உருகும்போது பிஸ்கற் பரவும், வரிகளும் மழுங்கும். அதனால்தான் ஐசிங் சீனி. பேக்கிங் பவுடர் இதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். பிழிந்தபோது விழுந்த கூரிய வரிகள் சுட்ட பின்னும் அப்படியே நிற்க வேண்டுமானால், கலவையை உப்பவைக்கும் பொருள் எதுவும் சேரக்கூடாது. சில செய்முறைகளில் அது இருக்கும், ஆனால் அது இல்லாமல் செய்ததே எனக்கு நன்றாக வந்திருக்கிறது.

முட்டை உண்ணாத வீடுகளில் மாவின் அளவிலிருந்து 50 கிராமைக் குறைத்து, அந்த இடத்தில் வனிலாக் கஸ்டர்ட் பவுடரைச் சேர்த்து, முட்டைக்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி பால் ஊற்றலாம். கஸ்டர்ட் பவுடரில் பெரும்பகுதி சோள மாவே ஆதலால் பிஸ்கற் வாயில் இன்னும் மென்மையாகக் கரையும். மலேசியச் செம்பிரிட்டின் தனித்தன்மை பெரும்பாலும் இந்தப் பவுடரால் வருவதுதான்.

பட்டரின் பதம்

இந்த வேலையில் வெற்றியும் தோல்வியும் முடிவாவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். செய்முறைகளில் "அறை வெப்பத்தில் உள்ள பட்டர்" என்று எழுதியிருப்பார்கள். அதை எழுதியவரின் அறை குளிர்காலத்தில் சூடாக்கிய, ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் கொண்ட ஐரோப்பிய அறை. பட்டர் 18 முதல் 20 பாகையில் இருக்கும்போது விரலால் அழுத்தினால் குழி விழும், ஆனால் விரல் உள்ளே புதையாது. அதன் மேற்பரப்பு மினுங்காமல் மங்கலாக இருக்கும். நாம் தேடும் பதம் அதுதான். அந்த நிலையில் பட்டரில் உள்ள கொழுப்பின் ஒரு பகுதி இறுகியும் ஒரு பகுதி இளகியும் இருப்பதால், அடிக்கும்போது காற்றைப் பிடித்துக்கொள்ளவும் பிழிந்த பின் வடிவத்தைத் தாங்கவும் அதனால் முடிகிறது. உருகிய பட்டருக்கு இந்த இரண்டு ஆற்றலும் இல்லை. அதை மீண்டும் குளிரவைத்தாலும் பழைய தன்மை திரும்பாது.

நான் முதன்முதலில் செய்தபோது, மகள் அவசரப்படுத்தினாள் என்று பட்டரை மைக்ரோவேவில் வைத்தேன். வெளியே கட்டியாகத் தெரிந்தாலும் நடுவே உருகியிருந்தது. பூக்களாகப் பிழிந்தவை அனைத்தும் ஓவனுக்குள் போய் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே தகடாக வெளிவந்தன. தன் பூக்களைக் காணவில்லை என்று அவள் அழுததை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, பிள்ளைகள் வேலை தொடங்கும் நேரத்துக்கு ஒரு மணிநேரம் முன்பாகவே பட்டரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, சிறு துண்டுகளாக வெட்டித் தட்டில் பரப்பி வைப்பது என் வழக்கமாகிவிட்டது. துண்டுகளாக வெட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இளகும்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ இதைச் செய்பவர்களுக்கு நிலைமை வேறு. டிசெம்பரிலும் அங்கே பகல் வெப்பம் 28, 30 பாகையைத் தொடும். பட்டரோ ஏறத்தாழ 32 முதல் 35 பாகைக்குள் முழுவதும் உருகிவிடும். எனவே அங்கே அறை வெப்பம் என்ற சொல்லை மறந்துவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்து வெட்டிய துண்டுகளைப் பத்துப் பதினைந்து நிமிடங்களிலேயே அடிக்கத் தொடங்க வேண்டும். அதிகாலையில் அல்லது இரவில் செய்வதும், கலக்கும் பாத்திரத்தையே முன்கூட்டிக் குளிரவைப்பதும் பெரிதும் கைகொடுக்கும்.

கலப்பதில் யாருக்கு எந்த வேலை

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐசிங் சீனியை அரிதட்டில் அரிக்கும் வேலையைக் கொடுங்கள். கட்டிகள் உடைந்து பனிபோல விழுவதைப் பார்ப்பதே அந்த வயதுக்கு ஒரு கொண்டாட்டம். ஐந்தாறு வயதுப் பிள்ளை மாவை நிறுக்கலாம், முட்டையை உடைக்கலாம். முட்டையை நேரே பட்டரில் உடைக்கவிடாமல் தனிக் கோப்பையில் உடைக்கச் செய்தால், ஓடு விழுந்தாலும் எடுத்துவிடலாம். எட்டு வயதைக் கடந்த பிள்ளை, பெரியவர் அருகில் நிற்க, மின் அடிப்பானையும் பிடிக்கலாம். ஓவனின் கதவைத் திறப்பதும் தட்டை உள்ளே வைப்பதும் எடுப்பதும் எந்த வயதிலும் பிள்ளைகளின் வேலை ஆகாது என்பதைத் தொடங்கும் முன்னரே சொல்லி, அவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடத்தையும் காட்டிவிடுங்கள்.

பட்டரோடு ஐசிங் சீனி, வனிலாச் சீனி, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, நிறம் சற்று வெளுக்கும் வரை இரண்டு மூன்று நிமிடங்கள் அடியுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல நெடுநேரம் அடித்தால் காற்று மிகுந்து, சுடும்போது பிஸ்கற் பருத்து வடிவம் இழக்கும். பின்னர் முட்டையைச் சேர்த்து, அது முழுவதும் கலந்து மறையும் வரை மட்டும் அடியுங்கள். இப்போது அடிப்பானை ஒதுக்கிவிட்டு, மாவை அரித்து இரண்டு தடவையாகப் போட்டு, மரக் கரண்டியால் கலக்குங்கள். உலர்ந்த மா கண்ணில் படாத கணமே நிறுத்திவிட வேண்டும். ரொட்டிக்குப் பிசைவதுபோலப் பிசைந்தால் கோதுமையின் பசைத்தன்மை வளர்ந்து பிஸ்கற் கடினமாகும். கலவையின் பதம் முறுக்கு மாவை விட மென்மையாகவும், கேக் கலவையை விட இறுக்கமாகவும் இருக்கட்டும்.

இந்த இடத்தில் பிள்ளைகள் விரலை விட்டு நக்க விரும்புவார்கள். பச்சை முட்டையில் மட்டுமன்றிச் சுடாத கோதுமை மாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் இதை அனுமதிக்க வேண்டாம். வெறுமனே மறுப்பதைவிட, முதலில் நான்கு பிஸ்கற்றுகளை மட்டும் சுட்டெடுத்து அவர்கள் கையில் கொடுப்பது நல்ல வழி. ஓவனின் போக்கை நாம் அறிந்துகொள்வதற்கும் அந்த நான்கு உதவும்.

உருட்டி வெட்டும் பிஸ்கற்றுகளின் கலவையைக் குளிரவைக்கச் சொல்லியிருப்பதைப் படித்தவர்கள் இதையும் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். குளிர்ந்து இறுகிய கலவை துளைகளின் வழியே வெளிவராது, பிள்ளையின் கைக்கு அது முடியவே முடியாது. பிழியும் கலவையை உடனே பயன்படுத்த வேண்டும். கலவை மினுமினுத்து எண்ணெய் விடுவதுபோலத் தெரிந்தால் மட்டும் பத்து நிமிடம் குளிரில் வைத்து எடுங்கள்.

பிழிதல்

குழலில் பிழிந்த கலவை தட்டில் ஒட்டிக்கொண்டால்தான் குழலை விட்டுப் பிரியும். ஆகவே தட்டில் பட்டர் பூசக்கூடாது, சுடும் தாளும் விரிக்கக்கூடாது. தட்டு வெறுமையாகவும் உலர்ந்தும் குளிர்ந்தும் இருக்க வேண்டும். எதைச் சுட்டாலும் தாள் விரித்தே பழகியவர்களுக்கு இது மனம் ஒப்பாத காரியமாக இருக்கும், ஆனால் பட்டர் மிகுந்த இந்தப் பிஸ்கற் சுட்ட பின் தானாகவே எளிதாகக் கழன்றுவரும். முறுக்கு உரலில் பிழிந்து வெட்டுபவர்கள் மட்டும் தாளைப் பயன்படுத்தலாம், அங்கே பட்டையைக் கையால் எடுத்து வைப்பதால் ஒட்ட வேண்டிய தேவை இல்லை.

கலவையைக் குழலின் அகலத்துக்கு உருளையாக உருட்டி உள்ளே இறக்குங்கள். கரண்டி கரண்டியாக அள்ளித் திணித்தால் இடையே காற்று அகப்பட்டு, பூவின் ஓர் இதழ் இல்லாமல் விழும். மரம், நட்சத்திரம் என்று பல தட்டுகள் இருந்தாலும், நடுவில் கலவை சேர்ந்து நிற்கும் பூ வடிவத்தோடு தொடங்குவதே நல்லது. குழலை நிமிர்த்தி, அதன் அடி தட்டைத் தொடும்படி வைத்து, பிடியை ஒருமுறை அழுத்தி, ஒரு மூச்சு நேரம் பொறுத்து, நேரே மேலே தூக்க வேண்டும். பிள்ளைகள் அழுத்தும்போதே குழலைத் தூக்கிவிடுவார்கள். "வை, அழுத்து, ஒன்று இரண்டு, தூக்கு" என்று கூடவே சொல்லிக் கொடுத்தால் நாலைந்து பூக்களுக்குள் கை பழகிவிடும். சிறிய பிள்ளையானால் குழலின் உடலை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், பிடியை மட்டும் அது இரண்டு கையாலும் அழுத்தட்டும்.

முதல் மூன்று நான்கு பிஸ்கற்றுகள் பெரும்பாலும் சரியாக விழாது. அவற்றைச் சுரண்டி மீண்டும் குழலில் போட்டுவிடலாம். குழலை விட்டுப் பிரியாமல் கலவை கூடவே வந்தால், தட்டு சூடாக இருக்கிறதா, எண்ணெய்ப் பசை உள்ளதா என்று பாருங்கள். விளிம்புகள் வெடித்து வெடித்து வந்தால் மா கூடிவிட்டது என்று பொருள், ஒரு தேக்கரண்டி பால் சேர்த்தால் சரியாகும். பூ அப்போதே சரிந்து பரவினால் கலவை இளகிவிட்டது, குழலோடு சேர்த்தே சிறிது நேரம் குளிரவைக்க வேண்டும்.

உரலில் பிழிபவர்கள் தட்டின் நீளத்துக்கு நேர் கோடுகளாகப் பிழிந்து, 6 சென்ரிமீற்றர் அளவில் மழுங்கிய கத்தியால் வெட்டச் சொல்லலாம். அந்தத் துண்டுகளை வளைத்து வளையமாகவும், பாம்பு போலவும், தங்கள் பெயரின் முதல் எழுத்தாகவும் அமைக்கப் பிள்ளைகள் போட்டியிடுவார்கள். என் வீட்டில் ஒருமுறை ஒரு முழுத் தட்டில் "ட" எழுத்து மட்டுமே நிறைந்திருந்தது, தமிழில் எழுத எளிதான எழுத்து அதுதான் என்று மகன் கண்டுபிடித்திருந்தான்.

வண்ணச் சீனி தூவுவதும், பாதி வாதுமையோ சிவப்புச் செர்ரித் துண்டோ நடுவில் பதிப்பதும் சுடுவதற்கு முன்னரே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. விரலால் மெல்ல அழுத்திவிடுங்கள். கிண்டர்கார்டனுக்குக் கொடுத்தனுப்பப் போகும் தட்டில் கச்சானும் வாதுமையும் படாமல் பார்த்துக்கொள்வது, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பொருட்டு நாம் செய்ய வேண்டிய கடமை.

சுடுதல்

ஓவனை மேல் கீழ் இரு பக்கச் சூட்டில் 180 பாகைக்கு வைத்து, குறைந்தது பதினைந்து நிமிடம் முன்னதாகவே சூடேற்றுங்கள். காற்றுச் சுழலும் முறையானால் 160 பாகை போதும். சூடேறாத ஓவனில் வைத்தால், வடிவம் இறுகுவதற்கு முன்பே பட்டர் உருகி வரிகள் அழிந்துவிடும். தட்டை நடு அடுக்கில், ஒரு தடவைக்கு ஒன்றாக வையுங்கள். 10 முதல் 12 நிமிடங்கள் ஆகும். எட்டாவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருங்கள், ஏனெனில் பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் இடையே இரண்டு நிமிடங்கூட இருக்காது. விளிம்பு மட்டும் இளம்பொன்னாகி, நடுப்பகுதி இன்னும் வெளிறி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அப்போது தொட்டால் மென்மையாக இருக்கும். வேகவில்லை என்று எண்ணி மீண்டும் உள்ளே வைக்காதீர்கள், ஆறும்போதுதான் அது மொறுமொறுப்பாகும். மேசையில் வைக்கும் சிறிய மின் ஓவன்களில் கம்பிகள் தட்டுக்கு மிக அருகில் இருப்பதால், 170 பாகையில் வைத்து, பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைப்பது நல்லது.

வெளியே எடுத்த தட்டில் மூன்று நிமிடம் விட்டு, தட்டையான கரண்டியால் நெம்பிக் கம்பி வலைக்கு மாற்றுங்கள். தட்டிலேயே முழுவதும் ஆறவிட்டால் சில ஒட்டிக்கொண்டு உடையும். இனி, இரண்டாவது தட்டு ஏன் வேண்டும் என்பதற்கு வருகிறேன். சூடான தட்டில் பிழிந்தால் கலவையின் அடி உருகி, பூ குழலோடு வந்துவிடும். முதல் தட்டு ஓவனில் இருக்கும்போது இரண்டாவதில் பிழிய வேண்டும், முதலாவது வெளியே வந்ததும் அதை ஆறவைக்க வேண்டும். டிசெம்பர் மாத ஜேர்மனியில் அதற்கு மிக எளிய வழி, பிஸ்கற்றை எடுத்துவிட்ட தட்டைப் பல்கனியில் வைப்பதுதான். ஐந்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் முடிக்க முனைய வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை முக்கால் மணிநேரம் ஈடுபாட்டோடு நின்றாலே பெரிய காரியம். இரண்டு தட்டுகளுக்குப் பிறகு அது விளையாடப் போய்விட்டால் போகவிடுங்கள், மீதிக் கலவையை நீங்களே பிழிந்து சுடலாம். சொக்லேட்டில் தோய்க்கும் வேலையை மறுநாளுக்கு ஒதுக்கி வைத்தால், பிள்ளைக்கு இரண்டு நாள் திருவிழா கிடைக்கும். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை, நீர் தொடாதபடி வைத்து, துண்டாக்கிய கருஞ்சொக்லேட்டை மெல்ல உருக்குங்கள். ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சொக்லேட் இறுகித் திரிந்துவிடும் ஆகையால் கரண்டியைத் துடைத்து உலர்த்திவிடுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மேசைக்குக் கொண்டுவந்தால், முழுவதும் ஆறிய பிஸ்கற்றைப் பிள்ளைகள் பாதிவரை தோய்த்துத் தாளின் மேல் வைக்கலாம். இந்தக் கட்டத்தில் தாள் கட்டாயம் வேண்டும்.

சேமித்தலும் பகிர்தலும்

ஆறாத பிஸ்கற்றைப் பெட்டியில் அடைத்தால் உள்ளே வியர்த்து எல்லாம் நமுத்துவிடும். கம்பி வலையில் ஒரு மணிநேரமாவது ஆறிய பின், இறுக மூடும் தகரப் பெட்டியில், அடுக்குகளுக்கு இடையே சுடும் தாளை வைத்து அடுக்குங்கள். மூன்று வாரம் வரை நன்றாக இருக்கும். ஈரலிப்பான மென்மையான இனிப்புகளை அதே பெட்டியில் சேர்க்க வேண்டாம். மழைக்கால ஈரத்தில் நமுத்துப்போனால், 140 பாகை ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

திருவருகைக் காலத்தின் முதல் வார இறுதியில் சுட்டால், டிசெம்பர் 6ஆம் திகதி புனித நிக்கலஸ் நாளுக்கு முன்னிரவு பிள்ளைகள் வாசலில் வைக்கும் சப்பாத்துக்குள் போடுவதற்கும் சில மிஞ்சும். எங்கள் மாடியில் எதிர் வீட்டில் இருக்கும் மூதாட்டிக்குத் தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்தால், டிசெம்பரில் அதே தட்டு பிஸ்கற்றோடு திரும்பி வரும். இப்போது எங்கள் பிள்ளைகள் அவருக்குத் தங்கள் பூப் பிஸ்கற்றை முந்திக்கொண்டு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

கடைசியாகக் கழுவும் வேலை இருக்கிறது. குழலுக்குள்ளும் தட்டுகளின் துளைகளிலும் ஒட்டியிருக்கும் கலவையை முதலில் மரக்குச்சியால் எடுத்துவிட்டு, பின்னர் வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுங்கள். அலுமினியக் குழலானால் பாத்திரம் கழுவும் பொறியில் போடக்கூடாது, கறுத்துவிடும். சிறிய தட்டுகள் கழுவும் நீரோடு தொலைந்துபோவது வழக்கமாதலால், எல்லாவற்றையும் துணியில் பரப்பி உலரவைத்து, பெட்டியில் போடும்போது எண்ணிப் போடும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.